நல்ல மூளையா, நல்ல உழைப்பா? பிள்ளைகளைப் பாராட்டுவது பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணக்கு ஆசிரியராக இருப்பதால் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "சார், ஒரு சந்தேகம்" என்பார்கள். அந்தச் சந்தேகம் அநேகமாகக் கணக்கைப் பற்றி இருக்காது. பிள்ளையை எதற்குப் பாராட்டலாம், எதைச் சொன்னால் தலைக்கனம் ஏறும், எதைச் சொன்னால் மனசு விட்டுப்போகும் என்றுதான் கேட்பார்கள். வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன.

பையனுக்கு நல்ல மூளை சார். அதை அவன்கிட்ட சொல்றதுல என்ன தப்பு? உண்மையைத்தானே சொல்றோம்?

உண்மையாகவே இருக்கட்டும். அதைக் கேட்ட பிறகு பையன் என்ன செய்கிறான் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்து 1998இல் வெளியிட்டார்கள். வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் எல்லாரையும் "நன்றாகச் செய்தாய்" என்று பாராட்டினார்கள். கூடவே சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லாரும் திணறினார்கள். மூன்றாவது சுற்றில் மறுபடி முதல் சுற்று அளவுக்கே எளிதானவை.

கெட்டிக்காரன் என்று சொல்லப்பட்டவர்கள் மூன்றாம் சுற்றில், தாங்கள் முதல் சுற்றில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைத்தாய் என்று சொல்லப்பட்டவர்கள் முன்பைவிடக் கூடுதலாகச் செய்தார்கள். எனக்கு அதிகம் உறைத்தது வேறு ஒன்று. வேறு பள்ளியில் படிக்கும் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுதித் தா என்றபோது, கெட்டிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் கூட்டி எழுதினார்கள். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கடைசி பெஞ்சுக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். எப்போதும் 95 வாங்கிவிட்டு ஒரே ஒரு தடவை 71க்கு இறங்கியவர்களும் அதில் உண்டு.

சரி, இனிமே "நல்லா உழைச்சே"ன்னு சொல்லிட்டாப் போதும்ல?

போதாது. பிள்ளை உழைத்ததை நீங்கள் பார்க்கவே இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். டிவியைப் பார்த்துக்கொண்டே சொல்லும் "சூப்பர்டா, நல்லா உழைச்சிருக்கே" இரண்டு நாளில் காதில் விழாமல் போய்விடும். "மூணாவது கணக்க அடிச்சிட்டு வேற வழியில போட்டிருக்கியே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். நோட்டைத் திறந்தவரால் மட்டுமே இதைக் கேட்க முடியும். உழைப்பைக் குறித்துப் பெருமைப்பட வேண்டுமென்றால் முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற பாதி பதில்களுக்கு இதுதான் அடிப்படை. "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதே சார்" என்று தயங்க வேண்டாம். அடித்துத் திருத்திய இடம் எது என்று பார்க்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

சிறு வயதிலிருந்தே இது வேலை செய்கிறது. சிகாகோவில் ஒன்று முதல் மூன்று வயது வரையான குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், பெற்றோர் அன்றாடம் பேசுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். ஐந்து வருடம் கழித்து அதே குழந்தைகளைச் சந்தித்தார்கள். கிடைத்த பாராட்டில் 'நீ செய்த விதம் நன்று' என்ற வகை அதிகம் கலந்திருந்த குழந்தைகள், முயன்றால் தங்களை வளர்த்துக்கொள்ள முடியும் என்று நம்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 2013இல் வெளியான ஆய்வு இது.

பிள்ளைய நேர்ல புகழ்ந்தா திருஷ்டி படும்னு மாமியார் சொல்றாங்க. எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்ல. பிள்ளை ஏங்கிப்போயிடுமா?

உங்கள் மாமியார் தனியாக இல்லை. யாரை எங்கே புகழ வேண்டும் என்று பட்டியல் போடும் பழைய வெண்பா ஒன்று, நண்பனை அவன் இல்லாத இடத்திலும், வேலையாளை வேலை முடிந்த பிறகும் புகழச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை நெஞ்சுக்குள்ளேயே புகழச் சொல்கிறது. வாய் நிறையப் புகழாததால் மட்டும் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதாக நான் பார்க்கவில்லை. மிகையான புகழ்ச்சிதான் ஆபத்து. 2014இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில், தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கும் குழந்தைகள் வரைந்த படத்தை "அடேயப்பா, அற்புதம்" என்று ஓகோவெனப் புகழ்ந்தபோது அவர்கள் அடுத்து எளிதான படத்தையே வரையத் தேர்ந்தெடுத்தார்கள். அற்புதத்தை மறுபடி செய்து காட்ட வேண்டுமே என்ற பயம்.

ஆனால் ஒன்று. நேரில் புகழாத அதே வீட்டில், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டம்மாவிடம் "என் பேரன் ஒரு தடவ படிச்சா போதும், அப்படியே ஒப்பிப்பான்" என்பார். பேரன் கதவுக்குப் பின்னால்தான் நிற்பான். முதல் பதிலில் சொன்ன "கெட்டிக்காரன்" என்ற வாக்கியம் அவனுக்கு இப்படித்தான் கிடைக்கிறது. ஊராரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பொண்ணக் காட்டிச் சொன்னா ரோஷம் வந்து படிக்குமே?

வரும், ரோஷம். படிப்பு வருமா என்பது சந்தேகம். அந்தப் பெண்ணோடு பேசுவதை நிறுத்திவிடும். அதுதான் நான் பார்த்தது. சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த ஒரு தோழியும் போய்விடுவாள்.

நல்ல மார்க் வாங்குனா சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். இதுவும் தப்பா?

சொன்ன சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாக்குத் தவறுவது இதைவிடப் பெரிய தப்பு. அடுத்த முறை யோசியுங்கள். 1973இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண வகுப்பில் கவனித்தபோது அவர்கள் அந்தப் பேனாக்களைத் தொட்ட நேரம் மற்றவர்களைவிட மிகவும் குறைந்திருந்தது. பரிசைப் பற்றி முன்பே சொல்லாமல் கடைசியில் கொடுத்தவர்களிடம் இந்தக் குறை தெரியவில்லை. அதனால் முடித்த பிறகு எதிர்பாராமல் ஒரு பிரியாணி வாங்கித் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிடிக்காத பாடத்தை எப்படியாவது ஆரம்பிக்க வைக்கச் சின்ன லஞ்சம் கொடுப்பதும் வேறு கதை. ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற வேலைக்கு விலை பேசாதீர்கள்.

ராத்திரி பகலா உழைச்சும் மார்க் வரல. இப்போ என்ன சொல்லித் தேத்துறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தப்பாகப் பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான். "பரவாயில்ல, நீ முயற்சி பண்ணியே, அதுவே போதும்" என்பது ஆறுதலாகத்தான் தோன்றும். பிள்ளைக்குக் கேட்பதோ, "உன்னால் இவ்வளவுதான் முடியும்" என்று. உழைப்பைப் பாராட்டுங்கள் என்று சொன்ன டுவெக்கே பிற்பாடு இதைக் கண்டித்து எழுதினார்: கற்றல் நடக்காதபோது உழைப்பை ஆறுதல் பரிசாகக் கொடுப்பது தன் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான் என்றார்.

விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எப்படிப் படித்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் வரும் பதில்: "அஞ்சு தடவ படிச்சேன்." கைடைத் திரும்பத் திரும்பப் படிப்பது உழைப்புத்தான், ஆனால் பயன் குறைவான உழைப்பு. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடப்பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்களையும், படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மறுபடி படிக்கிற பிள்ளை ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். 'எல்லாம் தெரிகிறதே' என்று தோன்றும். தேர்வு அறையில் காணாமல் போகும்.

கணக்கில் இது இன்னும் மோசம். தீர்த்துவைத்த கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதி நோட்டை நிரப்பும் பிள்ளைகள் உண்டு. நோட்டு கனமாக இருக்கும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பெற்றோர் பெருமையாகக் காட்டுவார்கள். மூடி வைத்துவிட்டு அதே கணக்கைப் போடச் சொன்னால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். அந்தப் பிள்ளையிடம் "இன்னும் உழை" என்றால் இன்னொரு நோட்டை நிரப்பும். "இனிமே மூடி வெச்சுப் போட்டுப் பாரு, எங்க நிக்குதோ அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்" என்பதுதான் பாராட்டைவிட அதற்குத் தேவை.

அப்போ திறமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? எல்லாம் பழக்கம்தானா?

இருக்கிறது. இல்லை என்று சொல்கிறவர் ஒரு வகுப்பறையில் ஒரு வாரம் நின்று பார்க்கட்டும். "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தப் பாட்டை முழுதாகச் சொல்வதில்லை. நட்பும் தயையும் கொடையும் பிறவிக்குணம் என்றுதான் அது முடிகிறது. பழகி வருவதும் உண்டு, பிறவியில் வருவதும் உண்டு என்று பாட்டே பிரித்து வைத்திருக்கிறது.

ஆய்வாளர்களும் இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் புரூக் மெக்னமாராவும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசத்தில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல் சார்ந்த விளையாட்டுகளில் 18, கல்வியில் 4. கடைசி எண்ணைக் காட்டி "படிச்சு என்ன பிரயோஜனம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதை மட்டும் வைத்து யார் முந்துவார்கள் என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் அதன் பொருள். என்ன செய்துகொண்டு உட்கார்ந்தார்கள் என்பதை முந்தைய பதிலில் பார்த்தோம்.

பிறவி மேதை என்றதும் எல்லாரும் சொல்வது ராமானுஜனை. மேதைதான். ஆனால் காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழித்து, அந்த முழங்கை காய்த்துக் கறுத்துப்போன கதையையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே ராமானுஜன் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததையும் விட்டுவிட வேண்டாம்.

குகேஷ், பிரக்ஞானந்தா எல்லாம் பார்த்தா பிறவியிலேயே வருதுன்னுதானே தோணுது?

குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன். பிரக்ஞானந்தாவும் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். குகேஷின் அப்பா காது மூக்குத் தொண்டை மருத்துவர்; மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலை விட்டுவிட்டார், அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. பிரக்ஞானந்தாவின் வீட்டில் முதலில் சதுரங்கத்துக்குப் போனவர் அக்கா வைஷாலி. டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பியும் உட்கார்ந்தான். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். திறமை, வீடு, பயிற்சியாளர், சென்னையில் சதுரங்கத்துக்கென்றே இருக்கும் சூழல் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது எது எவ்வளவு என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இதே அளவு தியாகம் செய்தும் பெயர் வெளியே வராத குடும்பங்கள் நிறைய இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். வென்றவர்களை மட்டும் பார்த்துவிட்டு வேலையை விடக் கிளம்ப வேண்டாம்.

படிக்காமலே 90 வாங்குறான் சார். உழைக்காதவன உழைச்சேன்னு பொய் சொல்லணுமா?

வேண்டாம். "இது உனக்கு ஈஸியா வந்துடுச்சு. கொஞ்சம் கஷ்டமானதா ஏதாவது எடுப்போமா?" என்று சொல்லுங்கள். எளிதாக வந்ததைத் திட்டவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். இந்தப் பையன்கள்தான் பதினோராம் வகுப்புக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை வகுப்பில் கேட்டதை வைத்தே ஓட்டிவிடலாம். அடுத்த ஜூனில் அது நடக்காது. அதுவரை திணறியே பழக்கமில்லாதவனுக்குத் திணறல் வந்ததும் 'நான் கெட்டிக்காரன் இல்லை போல' என்று தோன்றிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேர்வு அறை வாசலில் நின்று கேளுங்கள்: "டேய், நான் ஒண்ணுமே படிக்கலடா." விடிய விடியப் படித்தவன்தான் சத்தமாகச் சொல்வான். வாங்கினால் மேதை, வாங்காவிட்டால் படிக்கவில்லை என்ற சாக்கு. இரண்டு பக்கமும் லாபம். உழைத்ததை மறைக்க வேண்டும் என்று பிள்ளைகள் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால், "படிக்காமலே வாங்கினான்" என்று நாம் பெருமையடித்ததில்தான் போய் முடியும்.

பெரியவன் கற்பூர புத்தி. சின்னவ முட்டி மோதித்தான் படிக்கணும். ரெண்டு பேரையும் எப்படிப் பாராட்டுறது?

முதலில் அந்தக் கற்பூரத்தை வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை கற்பூரம் என்றால் மற்றது கரி என்பது சொல்லாமலே அதற்குப் புரியும். அமெரிக்காவில் ஜென்சன், மெக்ஹேல் என்ற ஆய்வாளர்கள் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் எழுதினார்கள். இருவரில் யார் கெட்டிக்காரர் என்று பெற்றோர் நினைத்தார்களோ, அந்த நினைப்பே அடுத்த வருட மதிப்பெண் வித்தியாசத்தை முன்கூட்டிச் சொன்னது. முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். பெரும்பாலான பெற்றோர் மூத்ததையே கெட்டிக்காரராக நினைத்தார்கள் என்பதும் சுவாரசியம். மூத்ததுதானே மேல்வகுப்புப் பாடம் படிக்கிறது, அதனால் கெட்டியாகத் தெரிகிறது!

சின்னவளை மட்டும் "உழைப்பாளி" என்று பாராட்டும் தவறு சுலபமாக நடந்துவிடும். அண்ணனுக்கு மூளை, தனக்கு உழைப்பு என்று பங்கு பிரித்துக் கொடுத்ததாகவே அவள் எடுத்துக்கொள்வாள். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று எது புரியவில்லை, என்ன செய்தாய்? பெரியவனிடம் பதில் இல்லாவிட்டால் அவன் பாடம் அவனுக்குப் போதவில்லை. முந்தைய பதிலில் சொன்னதை அவனுக்குச் செய்யுங்கள். சமமாகப் பாராட்டுவதற்குத் தராசு பிடிக்க வேண்டாம். அவளுக்கு இரண்டு மணி நேரம் எடுத்த கணக்கு அவனுக்குப் பத்து நிமிடம் என்ற தகவல் யாருக்கும் எதற்கும் உதவாது.

எங்க வம்சத்துலயே இவதான் முதல்ல பன்னெண்டாவது பாஸ். நாங்க பெருமைப்படவே கூடாதுங்கறீங்களா?

யார் சொன்னது? தாராளமாகப் படுங்கள். கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த அம்மா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தால் அதில் குற்றம் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் ஏதோ கோளாறு. தமிழ்நாட்டில் 2017இலிருந்து பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அது போட்டி வெறிக்குத்தான் தடை, வீட்டுச் சந்தோஷத்துக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். "உனக்காக நாங்க பட்ட கஷ்டம்" என்பதை ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் சேர்த்துச் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அது கடன் சீட்டாகிவிடும். மார்க் குறையும்போது வட்டி கட்டாதவன் போல ஒளிந்துகொள்ளும். உங்கள் கஷ்டத்தைக் கதையாகச் சொல்லுங்கள், சாதாரண நாளில், தேர்வு முடிவு வராத நேரத்தில். அவள் எப்படிப் படித்தாள் என்பதையும் உறவினர்களிடம் அவள் முன்னாலேயே சொல்லுங்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தாத்தா கதை தேவைப்படாது. இவள் கதையே இருக்கிறது.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுறான், அஞ்சாவது வந்துட்டான். இன்னும் முயற்சி பண்ணு முயற்சி பண்ணுன்னு சொல்லிட்டே இருக்கேன்.

நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் உழைப்பைப் பற்றிச் சொன்ன எதையும் இந்தப் பிள்ளைக்கு அப்படியே பயன்படுத்த வேண்டாம். பேச்சில் சூட்டிகை, வாய்க்கணக்கில் சரி, எழுத்தைக் கண்டால் மட்டும் தடுமாற்றம் என்றால் டிஸ்லெக்சியா என்ற, வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அவன் ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகமாக முயன்றுகொண்டிருப்பான். அவனிடம் முயற்சி போதாது என்பது அநியாயம்.

முறையான பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் சென்னையில் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் இப்போ தப்புன்னு சொல்றாங்களே?

கொஞ்சம் சரி. 1998 சோதனையைச் சீனாவில் லீ, பேட்ஸ் என்ற இருவர் திரும்பச் செய்து பார்த்து 2019இல் எழுதினார்கள். முதலில் வந்த முடிவு அங்கே கிட்டத்தட்ட வரவில்லை. 'மூளை வளரும்' என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட 2018 ஆய்வு, மதிப்பெண்ணில் அதன் பலன் மிகச் சிறியது என்றது. 2019இல் அமெரிக்கா முழுவதும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பெரிய அளவில் செய்த ஆய்வில், பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறிய அளவில் பலன் தெரிந்தது. மந்திரம் எதுவும் இல்லை என்பதுதான் நிலவரம். இதைக் காட்டி விலை உயர்ந்த வகுப்பு நடத்துகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு இவற்றைவிட உபயோகமாகப் பட்டது ஹைமோவிட்ஸ், டுவெக் 2016இல் எழுதியது. அறிவு வளருமா வளராதா என்று பெற்றோர் மனசில் என்ன நம்புகிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. தோல்வி வரும்போது பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. 43 மதிப்பெண் கார்டைப் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பிள்ளை படித்துவிடும்.

ப்ளஸ் ஒன் பையன். உழைச்சேன்னு பாராட்டினா "அப்போ எனக்கு மூளை இல்லங்கறீங்களா"ங்கறான்!

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு உழைப்பும் கெட்டிக்காரத்தனமும் ஒன்று. பன்னிரண்டு வயதை ஒட்டிப் பிள்ளைகள் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள்: திறமை குறைந்தவனுக்குத்தான் உழைப்புத் தேவை, உழைப்பைப் பாராட்டினால் திறமை இல்லை என்று அர்த்தம். பதின்வயதினரிடம் இந்தப் பாராட்டு எதிர்விளைவைத் தரலாம் என்று ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வயதில் பாராட்டைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுங்கள். "இதை எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் சொல்லு" என்றால் அவனே பேசுவான். நீங்கள் வேலைக்காகப் புதிதாக எதையாவது கற்றுத் திணறினால் அதையும் அவன் காதில் போடுங்கள். ஜிஎஸ்டி கணக்கோடு அப்பா மல்லுக்கட்டுவதைப் பார்த்த பையனிடம் உழைப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை.

நீட் ரெண்டு தடவ எழுதிட்டா. இன்னும் ஒரு வருஷம் உழைன்னு சொல்றதா, போதும்னு சொல்றதா?

'முயற்சி திருவினையாக்கும்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குச் சுலபம்; வருடம் போவது அவளுடையது. முதலில் எண்களைப் பாருங்கள். போன வருடம் இதே மாதத்தில் மாதிரித் தேர்வில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? 400இலிருந்து 520க்கு வந்திருக்கிறாள் என்றால் இன்னொரு முயற்சிக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடமும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், மார்க் வராத பிள்ளையைப் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள். படிக்கும் முறை மாறாமல் வருடம் மட்டும் மாறினால் பயனில்லை. பிறகு அவளைத் தனியாக உட்காரவைத்து, டாக்டராக வேண்டும் என்பது யார் ஆசை என்று கேளுங்கள். பதில் சட்டென்று வராது. காத்திருங்கள்.

கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடக்கிறது. விண்ணப்பத் தேதிகளைத் தவறவிடாமல் ஒன்றிலாவது போட்டு வையுங்கள். அவள் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டிருந்தாலோ, பேச்சில் வாழ்க்கை வேண்டாம் என்ற தொனி தெரிந்தாலோ இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே மனநல ஆலோசனை கிடைக்கும் 104 அல்லது 14416 என்ற தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முடிவு எதுவானாலும் உறவினர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் சித்தப்பாவும் பெரியம்மாவும் சூழ்ந்துகொண்டு கேட்கும்போது அவள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.